வரவு செலவு: பாவாடைக்கு மடிப்பு விட்டுத் தைக்கிற கணக்கு

போன மாதம் வீட்டுப் பட்ஜெட் போடுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "போட்டாச்சு, ஆனால் நிற்க மாட்டேன் என்கிறது." அதனால் இந்த முறை, போட்ட பட்ஜெட்டைத் திருத்துவது பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

புதிய வாசகர்களுக்காக என்னைப் பற்றி: ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் 29 வருஷம் சம்பளப் பட்டுவாடா எழுத்தராக இருந்தவள். கல்யாணம் ஆன 1987 முதல் வருஷத்துக்கு ஒரு கணக்கு நோட்டு. எல்லாம் தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. பொருளாதாரம் படித்தவள் இல்லை. என் வாத்தியார் அந்தப் பெட்டிதான்.

"அக்கா, வணக்கம்ங்க. நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனிக்குப் போகிறோம். 2022 ஜூனில் மாதம் 34,000 ரூபாய்க்கு பட்ஜெட் போட்டேன். வாடகை 7,500, மளிகை 6,000, பால் 1,500, காய்கறி 2,500, கேஸ் 1,100, கரண்ட் 800, பள்ளிக்கூடம் 4,000, பெட்ரோல் 2,000, போன் 600, சீட்டு 5,000, மருந்து 500, இதர 2,500. ரெண்டு வருஷம் நன்றாகவே ஓடியது. இப்போது 20 தேதிக்கு மேல் கையைக் கடிக்கிறது. கூலி ஏறியும் இப்படி. ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரத்தில் ரெண்டு பேருக்கும் சேர்த்து 9,600 வரும். ஒரு ஷிப்ட்தான் என்றால் 6,400. நான் ஊதாரி ஆகிவிட்டேன் என்கிறார் அவர். எங்கே தப்பு?"
*வாசகி, திருப்பூர்*

தங்கச்சி, முதலில் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். இந்தப் பதில் ரெண்டு பேருக்கும்.

நாலு வாரமும் ஒன்றரை ஷிப்ட் ஓடினால் 38,400. ரெண்டு வாரம் ஒன்றரை, ரெண்டு வாரம் ஒன்று என்றால் 32,000. உங்கள் பட்ஜெட்டோ 34,000. ஆக ஒரு பைசா கூட வீணாக்காமல் இருந்தாலும் 2,000 உதைக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதம் ஆக்கியபோது உங்கள் ஊரில் எத்தனை வீட்டில் அந்த அரை ஷிப்ட் போனது என்று உங்களுக்கே தெரியும். இதில் ஊதாரித்தனம் எங்கே வந்தது?

தப்பு 2022-லேயே இருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் வருமானத்தை நிரந்தரம் என்று நினைத்துத் தலைப்புகளைப் போட்டுவிட்டீர்கள். மில்லில் நாங்களும் இதைத்தான் செய்தோம். ஓவர்டைம் பணத்தை நம்பிப் பெரிய வீட்டுக்குக் குடிபோனவர்கள், ஓவர்டைம் நின்றதும் பட்ட பாட்டை நான் சம்பளக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவள். பட்ஜெட்டின் அடிப்படை ஒரு ஷிப்டாக இருக்கட்டும். மாதம் 25,600. அந்த அரை ஷிப்ட், வந்தால் விருந்தாளி.

25,600-க்குள் எல்லாம் அடங்குமா என்றால் அடங்காது. வாடகை, சாப்பாட்டுச் சாமான், பால், கேஸ், கரண்ட், பள்ளி, சீட்டு ஆகியவற்றை மட்டும் கூட்டினாலே 28,400 வருகிறது. இடைவெளி 2,800. இது தெரிவதுதான் முக்கியம். தெரியாததால்தான் 20 தேதிக்கு மேல் பேய் அறைந்த மாதிரி இருக்கிறது.

உங்களிடம் ஒரு சொத்து இருக்கிறது. அதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவே இல்லை. சனிக்கிழமைச் சம்பளக்காரர்களுக்கு வருஷத்தில் குறைந்தது நாலு மாதம் ஐந்து சனிக்கிழமை வரும். மாதச் சம்பளக்காரிக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. அந்த ஐந்தாவது சனியின் பணம் இப்போது எங்கே போகிறது? அந்த மாதம் கொஞ்சம் தாராளமாக இருந்திருப்பீர்கள், அவ்வளவுதான். இனி அதைத் தொடாமல் தனி டப்பாவில் போடுங்கள். ஒரு ஷிப்ட் வாரங்களின் பள்ளத்தை அதை வைத்து நிரப்பலாம்.

அப்புறம் தலைப்பு தலைப்பாகப் போவோம். 2022-ல் எழுதிய தொகைகளை நீங்கள் தொடவே இல்லை. ஆனால் அவை இருந்த இடத்திலேயே இல்லை.

போன் 600 என்று எழுதியிருக்கிறீர்கள். ரீசார்ஜ் 28 நாளுக்கு ஒரு முறை. வருஷத்துக்குப் பன்னிரண்டு இல்லை, பதின்மூன்று வரும். 2024 ஜூலையில் கட்டணமும் ஏறிவிட்டது. ஆளுக்கு 349 ரூபாய் பேக் என்று வைத்தால் ரெண்டு போனுக்கு வருஷம் 9,074. மாதத்துக்கு 756 ஆகிறது. உங்கள் 600-லிருந்து 156 ரூபாய் ஒவ்வொரு மாதமும் சத்தமில்லாமல் கசிகிறது.

கேஸ் தலைகீழ். நீங்கள் பட்ஜெட் போட்ட வருஷம் சிலிண்டர் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. 2023 ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாய், 2024 மார்ச்சில் 100 ரூபாய் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் 50 ஏற்றினார்கள். நீங்கள் இன்னும் 1,100-ஐயே ஒதுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். மிச்சம் எங்கே போனது என்று கேட்டால் பதில் இருக்காது. செலவு ஏறினால் வீடே கூச்சல் போடும். இறங்கினால் ஒருத்தருக்கும் தெரியாது. அதோடு சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் குறியுங்கள். 40 நாள் வருகிற வீட்டுக்கு மாதம் ஒரு சிலிண்டர் கணக்கே தப்பு.

கரண்ட் பில் ரெண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஒரு அளவு வரை யூனிட் இலவசம், அதற்கு மேல் போகப் போக யூனிட் விலையும் ஏறும். சித்திரை வெயிலில் ஓடுகிற ஃபேனும் மார்கழிக் குளிரில் ஓடுகிற ஃபேனும் ஒன்றா? போன வருஷத்து ஆறு பில்லையும் எடுத்துக் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். அதுதான் உங்கள் கரண்ட் தொகை. பில் வராத மாதமும் அதை எடுத்து வையுங்கள்.

இதர 2,500 என்கிறீர்களே, என் கண் அங்கேதான் போகிறது. 2022-ல் உங்கள் பிள்ளைக்கு டியூஷன் இருந்திருக்காது. இப்போது இருக்கலாம். ஸ்கூல் வேன், ப்ராஜெக்ட்டுக்குச் சார்ட் பேப்பர், வாரம் ஒரு பரோட்டா பார்சல். எல்லாம் 'இதர'வில்தான் ஒளிந்திருக்கும். நாலு வாரம் அந்த ஒரு தலைப்பை மட்டும் வரி வரியாக எழுதுங்கள். மூன்று முறைக்கு மேல் வந்த செலவுக்குத் தனித் தலைப்பு கொடுங்கள். கதவு எண் இல்லாத செலவைப் பிடிக்க முடியாது.

தலைப்புகளே மாறும் என்பதை என் பெட்டியில் பார்க்கலாம். 1990 நோட்டில் 'இன்லேண்ட், ஸ்டாம்ப்' என்று ஒரு தலைப்பு. 1998-ல் அது போய் 'எஸ்டிடி பூத்'. அப்புறம் 'கேபிள்'. 2017 முதல் 'நெட்'. மாறாமல் இருப்பது பாலும் உப்பும்தான். அரசாங்கமே இதில் சோம்பல் பட்டது. விலைவாசிக் குறியீட்டை 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்துத்தான் ரொம்ப காலம் போட்டு வந்தார்கள். இடையில் ஜனங்களின் செலவு மாறிவிட்டது. கிராமத்து வீட்டில் 100 ரூபாய் செலவானால் 2011-12-ல் அதில் சுமார் 53 ரூபாய் சாப்பாட்டுக்கு. 2022-23-ல் கேட்டபோது 46. அதற்குப் பிறகுதான் 2024-ஐ அடிப்படையாக வைத்து, கணக்கில் சேர்க்கிற பொருள்களின் கூடையை மாற்றி, ஆடியோ கேசட்டையும் டிவிடி பிளேயரையும் கீழே இறக்கினார்கள். டெல்லிக்கே பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. நீங்கள் மூன்று நாலு வருஷம் தாமதித்ததற்காக அழ வேண்டாம்.

சீட்டு பற்றி ஒரு வார்த்தை. எத்தனை மாதம் பாக்கி என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்த சீட்டென்றால் கட்டியே ஆக வேண்டும், அதில் கை வைக்காதீர்கள். ஆனால் கடைசித் தவணைக்கு முந்தின மாதமே அந்த 5,000-க்கு வேலை கொடுத்துவிடுங்கள். பாதி பள்ளத்தை நிரப்ப, பாதி சேமிப்பு என்பது மாதிரி. வேலை கொடுக்காத 5,000 ரூபாய் ரெண்டே மாதத்தில் கரைந்துவிடும். முன்பு எப்படி இது இல்லாமல் சமாளித்தோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். நிறைய பேர் கௌரவம் பார்த்து வாங்குவதில்லை. நான் வாங்குகிறேன். சாம்பாருக்குக் கௌரவம் தெரியாது.

என் கதையும் சொல்லிவிடுகிறேன். 1994-ல் ஒரு பட்ஜெட் போட்டேன். அழகான கையெழுத்து, சிவப்பு மசியில் கோடு. அதை நாலு வருஷம் மாற்றாமல் ஓட்டினேன். 'போன வருஷத்துத் தொகையிலேயே சமாளித்தேன்' என்று அக்கம்பக்கத்தில் பெருமை வேறு. 1998 ஆடியில் என் தோடு அடகுக் கடையில் இருந்தது. நோட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஏனென்றால் பட்ஜெட்டுக்கு மேல் போன செலவை நான் எழுதவே இல்லை. தோட்டை மீட்டு வந்த அன்று என் அம்மா சொன்னாள்: "சின்னப் பிள்ளைக்குப் பாவாடை தைக்கும்போது கீழே மூணு மடிப்பு விட்டுத் தைக்கிறோமே, எதுக்கு? வருஷா வருஷம் ஒண்ணு பிரிச்சு விடத்தானே. நீ மடிப்பும் விடலை, பிரிக்கவும் இல்லை. பிள்ளை முழங்காலுக்கு மேல பாவாடையோட நிக்குது."

அன்று முதல் வருஷத்தில் நாலு தடவை நோட்டைத் திறக்கிறேன். சித்திரை, ஆடி, ஐப்பசி, தை. சித்திரையில் பார்த்தால் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கு அவகாசம் இருக்கும். ஆடியில் பார்த்தால் தள்ளுபடிக் கடைக்குள் நுழையும் முன் புத்தி வரும். ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கலும் வருஷக் கணக்கும். மாதா மாதம் திருத்த உட்காராதீர்கள். ஒரு மாதத்தில் தக்காளி விலை ஏறும், இறங்கும். 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியது என்பதற்காகக் காய்கறித் தலைப்பையே மாற்றியிருந்தால் அடுத்த சில மாதங்களில் மறுபடி மாற்றியிருக்க வேண்டும். மூன்று மாதம் சேர்த்துப் பார்த்தால்தான் எது காய்ச்சல், எது வளர்ச்சி என்று தெரியும்.

"அம்மா, பேராவூரணி பக்கம் தென்னை விவசாயம். எங்கள் பக்கம் மொய் விருந்து உங்களுக்குத் தெரிந்திருக்கும்: விருந்து வைத்து ஊரிடம் மொய் வாங்குவது, அவர்கள் வைக்கும்போது திருப்பிச் செய்வது. ஆடி பிறந்தால் ஒரே நாளில் நாலைந்து விருந்து. 2017-ல் நானும் வைத்தேன், நல்ல தொகை வந்தது, போர்வெல் போட்டேன். அடுத்த வருஷமே கஜா புயலில் மரமெல்லாம் போனது. வருமானம் குறைந்தும் மொய் குறையவில்லை. 'விசேஷச் செலவு' என்று மாதம் 2,000 ஒதுக்கினால் ஆடியில் பத்து மடங்கு ஆகிறது."
*வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்*

தம்பி, மொய் விருந்து பற்றிக் கேட்டபோதெல்லாம் எனக்கு ஒரே ஆச்சரியம். வட்டி இல்லை, ஜாமீன் இல்லை, நோட்டில் எழுதியதே சாசனம். ஆனால் நீங்கள் அதைத் தப்பான தலைப்பில் வைத்திருக்கிறீர்கள். அது விசேஷச் செலவு இல்லை, வாங்கிய கடனைத் திருப்புகிற தவணை. அப்படிப் பெயர் மாற்றினால் பாதிக் குழப்பம் தீரும்.

வேலை இதுதான். 2017 மொய் நோட்டை எடுங்கள். உங்களுக்குச் செய்தவர்கள் பெயரை வரிசையாக எழுதி, அவர்கள் பிறகு விருந்து வைத்தார்களா, நீங்கள் திருப்பிச் செய்தாயிற்றா என்று எதிரே குறியுங்கள். நீங்கள் திருப்பிச் செய்தாயிற்று என்றால் அந்தப் பெயரைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்கள் உண்மையான பாக்கி. அதில் யார் எந்த வருஷம் வைக்க வாய்ப்பு என்று உங்கள் டீக்கடையிலேயே சொல்வார்கள். உங்கள் பக்கம் ஒருத்தர் ஒரு முறை வைத்தால் ஐந்து வருஷம் கழித்துத்தான் மறுபடி வைப்பது என்ற வழக்கம் இருக்கிறதே, அது கணக்குப் போடுகிறவனுக்குப் பெரிய வசதி. இவ்வளவு முன்கூட்டியே தெரிகிற செலவு வேறு எது?

பாக்கியை வருஷ வாரியாகப் பிரித்துவிட்டால், அந்த வருஷத் தொகையை மாதத்தால் வகுக்காதீர்கள். உங்களுக்கு மாதச் சம்பளம் இல்லை, தேங்காய் வெட்டுக்கு வெட்டுதான் பணம். ஒவ்வொரு வெட்டிலும் இத்தனை பங்கு ஆடிக்கு என்று எடுத்து வையுங்கள்.

திருப்புவதோடு கொஞ்சம் கூட்டிச் செய்வது வழக்கம். அந்தக் கூடுதல்தான் பட்ஜெட்டுக்குள் வர வேண்டிய விஷயம். புயலுக்கு முந்தின தோப்பின் வருமானத்துக்குப் பொருத்தமான கூடுதலை, புதிதாக வைத்த கன்று இப்போதுதான் காய்ப்புக்கு வருகிற தோப்பு தாங்காது. வாங்கியதை முழுசாகத் திருப்புங்கள், அதில் ஒரு ரூபாய் குறையக்கூடாது. கூடுதலை மட்டும் சுருக்குங்கள். ஊர் பேசும். பேசட்டும், அவர்கள் தோப்பிலும்தான் மரம் விழுந்தது.

"2021-ல் 20 லட்சம் வீட்டுக் கடன், 20 வருஷம், மாதம் 15,500 தவணை. ஐந்து வருஷமாக ஒரு தவணை கூடத் தவறவில்லை. இப்போது பார்த்தால் 18.5 லட்சம் பாக்கி, இன்னும் 20 வருஷம் என்று காட்டுகிறது. பட்ஜெட்டில் ஒரு மாற்றமும் இல்லையே, எப்படி?"
*வாசகர், தாம்பரம்*

பட்ஜெட்டில் மாற்றம் இல்லாததுதான் ஆபத்து, சார். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம், அதாவது மற்ற வங்கிகளுக்கு அது கடன் தருகிற வட்டி, 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. மாறும் வட்டிக் கடன் என்பதால் உங்கள் வட்டியும் ஏறியது. தவணையை ஏற்றுவதற்குப் பதிலாகக் காலத்தை நீட்டிவிட்டார்கள். தவணை அப்படியே இருந்ததால் உங்கள் கண்ணில் படவில்லை. 20 லட்சத்துக்கு 7 சதவீதத்தில் 15,500 கட்டினால் 20 வருஷம். அதே தவணை, வட்டி மட்டும் 9 என்றால் 38 வருஷம். நம்பிக்கை இல்லாவிட்டால் போட்டுப் பாருங்கள், நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

2025-ல் ரெப்போ படிப்படியாக இறங்கியது. அந்த இறக்கம் உங்கள் கடனுக்கு வந்ததா என்று வங்கியில் எழுத்தில் கேளுங்கள். வட்டி மாறும்போது தவணையை ஏற்றவா, காலத்தை நீட்டவா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. உங்கள் சம்பளம் ஐந்து வருஷத்தில் கொஞ்சமாவது ஏறியிருக்கும். 8 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டு, தவணையோடு மாதம் 1,500 சேர்த்து 17,000 கட்டினால் 20 வருஷம் 16 வருஷம் சொச்சமாகக் குறையும். வீட்டுக் கடன் மாறும் வட்டி என்றால் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. தை மாதம் நோட்டைத் திறக்கும்போது பாக்கி மாதங்களின் எண்ணிக்கையையும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

"மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் என் கணக்கில் வருகிறது. அதையும் குடும்ப பட்ஜெட் வரவில் சேர்க்கச் சொல்கிறார் கணவர். சேர்க்கலாமா?"
*வாசகி, திண்டுக்கல்*

சேர்க்காதீர்கள். 2023 செப்டம்பரில் திட்டம் வந்தபோதே நான் எழுதியது இதுதான். பெயரிலேயே உரிமை என்று இருக்கிறது. அவருக்குக் கணக்கு இடிக்கிறதென்றால் முதலில் அவருடைய டீ, சிகரெட் தலைப்பைத் திறக்கட்டும்.

"ஆப்பா, நோட்டா?"
*வாசகர், கோயம்புத்தூர்*

எது உங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதோ அது. என் மருமகள் போனில் எழுதுகிறாள், என்னைவிட ஒழுங்காக. ஒரே நிபந்தனை, போன் மாற்றும்போது பழைய கணக்கைத் தொலைக்காதீர்கள். போன வருஷத்துச் சித்திரை இல்லாமல் இந்த வருஷத்துச் சித்திரையை எதோடு ஒப்பிடுவீர்கள்?

"மேடம், வீட்டில் மனைவி ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்கிறாள். டீக்கடையில் நண்பனுக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தால்கூட விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கு பட்ஜெட்டில் வழி உண்டா?"
*பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தேனி*

உண்டு. எங்கள் வீட்டில் 'கேட்கக் கூடாதது' என்று ஒரு தலைப்பு. ஆளுக்குச் சமமான தொகை, என்ன செய்தாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. 2004-ல் மாதம் 300 என்று ஆரம்பித்தோம். அதற்கு முன்பு அவர் பாக்கெட்டில் நான் கை விட்டுப் பார்ப்பதும், அவர் அரிசி டப்பாவில் நான் வைத்ததைத் தேடுவதும் தினப்படி நடக்கிற காரியம்.

இப்போது அது 1,500. ஒவ்வொரு தை மாதமும், பொங்கல் முடிந்த மறுநாள், எங்கள் வீட்டுக்காரர் ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதி என் நோட்டின் மேல் வைத்துவிடுவார். வடை விலை, பஸ் ஸ்டாண்டு டீ விலை, முடிவெட்டும் கூலி என்று போன வருஷத்து விலையும் இந்த வருஷத்து விலையும் எதிரெதிரே போட்டிருக்கும். இந்த வருஷம் 250 கூட்டிக் கேட்டிருந்தார். 150 போட்டேன். முடிவெட்டும் கூலியை ரெண்டு இடத்தில் எழுதியிருந்தார்.